காய்ந்த விறகு யாருடையது?



மார்கழி பிறந்துவிட்டால் நம் புதுவாயல் பக்கத்து வீடுகளில் ஒரு முறைப்பாடு கேட்கத் தொடங்கும். "விறகெல்லாம் ஈரம், அடுப்பு பிடிக்கவே மாட்டேனென்கிறது" என்பார்கள். ஊதுகுழலை வைத்து ஊதிக் கண் சிவந்ததுதான் மிச்சம். இது அற்பச் சங்கடம் போலத் தோன்றும். ஆயினும் இதற்குள் ஒரு பெரிய நியாயக் கேள்வி அடங்கியிருக்கிறது. அதை இவ்வாரம் உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன். பனிக்காலத்தில் ஒரு வீட்டில் காய்ந்த விறகு இருந்து, அடுத்த வீட்டில் இல்லாமற்போனால், அந்தக் காய்ந்த விறகு யாருடையது?

"இது என்ன கேள்வி, சாமி? காசு கொடுத்து வாங்கியவனுடையது, பாடுபட்டு வெட்டிச் சேர்த்தவனுடையது" என்று உடனே சொல்வீர்கள். அந்த மறுமொழி தவறல்ல. ஆனால் அது முழு மறுமொழியும் அல்ல.

"இப்போது யார் விறகு எரிக்கிறார்கள்?" என்று கேட்பவர்களும் உண்டு. மெய்தான். நம் மாநிலத்தில் 2007-ஆம் ஆண்டு முதல் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாய்க் காஸ் அடுப்பு கொடுத்தார்கள். 2016-ஆம் ஆண்டு மே மாதத்தில் மத்திய அரசின் உஜ்வலா திட்டமும் வந்தது. ஆனாலும் சிலிண்டர் தீர்ந்து கையில் காசில்லாத வாரத்தில் மண் அடுப்புத்தானே துணை? பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் வைக்கவும், வயதானவர்களுக்குக் குளிக்க நீர் காயவைக்கவும், நெல் அவிக்கவும் இன்றும் கொல்லையில் விறகுதான் எரிகிறது. காஸ் இணைப்பே இல்லாத குடிசைகளும் நம் சுற்றுப்புறத்தில் இல்லாமலில்லை.

முதலில் விறகின் தன்மையைக் கொஞ்சம் பார்ப்போம். புதிதாய் வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீரே. அந்தத் தண்ணீர் ஆவியாய் வெளியேறாமல் மரம் எரியாது. நம் குழாய்த் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவரச் செலவாகும் வெப்பத்தைப்போல் ஏறக்குறைய 7 மடங்கு வெப்பம், அந்தக் கொதிநீரை முழுதும் ஆவியாக்கத் தேவைப்படும். பச்சை விறகை அடுப்பில் வைக்கிறவள் சோற்றுக்கு முன்பாக விறகுக்குள்ளிருக்கும் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறாள். வெப்பம் அதிலே போய்விடுகிறது. வீட்டுக்குப் புகைதான் மிஞ்சுகிறது. அந்தப் புகையும் அற்பமானதல்ல. வீட்டு அடுப்புகளின் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறக்குறைய 32 இலட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இங்கிலாந்து தேசத்தில் சிறு அளவில் விற்கும் விறகில் 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருக்கலாகாதென்று 2021 மே மாதம் முதல் சட்டமே உண்டு.

மரம் காய்வதற்கு மூன்று வேண்டும்: வெயில், காற்று, காலம். பணம் உள்ளவனும் காலத்தை விலைக்கு வாங்க முடியாது. 2022-ஆம் ஆண்டு உக்ரேன் யுத்தத்தால் ஐரோப்பாவில் எரிவாயுவுக்குத் தட்டுப்பாடு வந்தபோது செல்வம் மிக்க ஜெர்மனி தேசத்து மக்கள் விறகுக்கு ஓடினார்கள். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் விறகு முதலிய மர எரிபொருள்களின் விலை முந்தின ஆண்டைவிட 80 விழுக்காட்டுக்கு மேல் ஏறியிருந்தது. அப்படி விலை கொடுத்தாலும், அப்போது வெட்டிய பச்சை மரம் அந்தக் குளிருக்குள் காய்ந்துவிடுமா?

நம் ஊர் நிலைமையும் அதுவே. வருஷ மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் நமக்குப் பெய்கிறது. 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயல் நம் கரையோரமாய் நகர்ந்து சென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் பெருமழை கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். அத்தகைய மழையில் கூரையில்லாமல் கிடக்கும் சவுக்கு விறகும், வேலிக்காத்தான் முள்ளும், வறட்டியும் நனைந்து போகும். மழை விட்டபின் பனி தொடங்கும். மறுபடி நன்றாய் உலர மாசி, பங்குனி வெயில் வரவேண்டும்.

இப்போது நமது கேள்விக்கு வருவோம். இதுபோன்ற கேள்வி ஒரு பெரிய நகரத்தையே உலுக்கிய வரலாறு உண்டு. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து ஜெர்மனியின் கொலோன் நகரம் இடிபாடாய்க் கிடந்த காலம். 1946-47-ஆம் ஆண்டுக் குளிர் அந்த நூற்றாண்டின் கொடிய குளிர்களில் ஒன்று. எரிக்க நிலக்கரியில்லை. மக்கள் ரயில் வண்டிகளில் ஏறி நிலக்கரி எடுக்கத் தலைப்பட்டார்கள். "இது களவா, சாமி?" என்று அவர்கள் மனச்சாட்சி கேட்டது. 1946 டிசம்பர் 31-ஆம் தேதி இரவு, அந்நகரத்து அதிமேற்றிராணியார் கர்தினால் யோசேப் பிரிங்ஸ் ஆண்டவர், அர்ச். எங்கல்பெர்ட் ஆலயத்தில் இதற்கு மறுமொழி சொன்னார். உயிரையும் உடல்நலத்தையும் காக்க இன்றியமையாததை, உழைத்தும் கேட்டும் பெற முடியாத நிலையில், ஒருவன் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் பிரசங்கத்தின் கருத்து. பலர் இந்த எல்லையைத் தாண்டிப் போயிருக்கிறார்கள், அவர்கள் அநியாயமாய் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றும் அதே பிரசங்கத்தில் கண்டித்தார். மக்களோ முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்! நிலக்கரி எடுக்கப் போவதற்கு அவர் பெயரைக் கொண்டே ஒரு வினைச்சொல்லை உண்டாக்கினார்கள். அது ஜெர்மன் பாஷையில் நிலைத்தும்விட்டது.

கர்தினால் ஆண்டவர் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. உயிர் போகும் அவசியத்தில் இருப்பவன் பிறனுடைய பொருளிலிருந்து தன் அவசியத்துக்கு எடுப்பது களவாகாது என்று அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே கற்பித்திருக்கிறார். ஏனெனில் உலகப் பொருள்கள் சகல மனிதருடைய பிழைப்புக்காகவும் உண்டாக்கப்பட்டவை. சொத்துரிமை அந்த நோக்கத்துக்கு ஊழியம் செய்யவே ஏற்பட்டது, அதைக் கெடுப்பதற்கல்ல.

ஆனால் விறகின் விஷயத்தில் ஒரு வேற்றுமை இருப்பதைக் கவனியுங்கள். நிலக்கரி எடுத்தவன் அன்றிரவே குளிர்காய்ந்தான். நம் ஊரில் ஒருவன் இரவோடிரவாக அயலான் மரத்தோப்பில் புகுந்து இரண்டு மரம் வெட்டினால் என்ன ஆகும்? பச்சை மரம் நன்றாய் எரியாது. கடன் வாங்கித் தோப்பு வைத்து நான்கைந்து வருஷம் காத்திருந்த குடியானவனுக்கு நஷ்டம். எடுத்தவன் அடுப்போ அன்று சரியாய் எரியவில்லை. ஆகவே அது களவு மட்டுமல்ல, வீண் களவு. இல்லாதவன் உழைத்தாலும், காசு தேடினாலும், திருடினாலுங்கூட, ஏற்கெனவே காய்ந்திருக்கும் விறகு ஒன்றுதான் அவனுக்கு இன்று உதவும். அது கடையில் இருக்கவேண்டும். அல்லது அடுத்த வீட்டுத் தாழ்வாரத்தில் இருக்கவேண்டும். விறகுத்தொட்டிக்காரன் கையிருப்பும் நனைந்துபோன வாரத்தில் மிஞ்சுவது அடுத்த வீடு ஒன்றே. வேறெவரும் செய்ய முடியாத உதவியைச் செய்யக்கூடிய நிலையில் இருப்பவனுக்குக் கடமையும் கூடுதல் அன்றோ?

இவ்விடத்தில் இரண்டு ஆட்சேபங்கள் எழும். முதலாவது: "கோடையில் சேர்க்காமல் சோம்பியிருந்தவனுக்கு நான் ஏன் கொடுக்கவேண்டும்? சுவிசேஷத்தில் விவேகமுள்ள ஐந்து கன்னிகைகள் எண்ணெய் கொடுத்தார்களா?" நல்ல கேள்வி. அந்த உவமையில் பத்துப் பேர் கையிலும் விளக்கு இருந்தது. எண்ணெய் எடுத்துவர பத்துப் பேருக்கும் ஒரே சமயம் கிடைத்தது. அங்கே எண்ணெய் என்பது ஒவ்வொருவரும் தாமே தேடவேண்டிய ஆத்தும ஆயத்தம். அதை ஒருவர் மற்றொருவருக்குக் கடன் கொடுக்க இயலாது. விறகைக் கொடுக்க இயலும். ஆகவே அந்த உவமையைக் காட்டி விறகுக்கட்டை மறைத்து வைப்பது பொருந்தாது.

மேலும், விறகு சேர்க்காதவர்கள் எல்லாரும் சோம்பேறிகளா? சற்றே நினைத்துப் பாருங்கள். மழைக்கு முன் விறகு சேர்க்கவேண்டுமானால் மூன்று வேண்டும்: ஒரே தடவையாய் வாங்கக் காசு, பிளந்து அடுக்கக் கைவலு, நனையாமல் வைக்கக் கூரை. தினக்கூலிக்காரன் அன்றன்று ஒரு கட்டு வாங்குகிறான்; அவனிடம் மொத்தமாய்க் காசு இல்லை. தனியாயிருக்கும் கிழவிக்குக் கோடாலி பிடிக்க வலுவில்லை. ஓர் அறைக் குடிசையில் ஐந்து பேர் படுக்கிறார்கள். விறகுக்கு இடம் எங்கே? நம் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாய் வருகிறவர்களைப் பாருங்கள். மழை ஓய்ந்த பின் வந்து, கோடை முடிந்து ஊருக்குத் திரும்புகிறார்கள். விறகு சேர்க்கும் காலத்தில் அவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஆனால் அடுத்த பனிக்காலத்தில் எந்தச் சூளையில் இருப்பார்களென்று அவர்களுக்கே தெரியாது. இவர்களுக்கு இல்லாதது முன்யோசனையல்ல. விவேகம் என்னும் புண்ணியத்தை அநுசரிக்கவும் கொஞ்சம் கூரை தேவைப்படுகிறது. அந்தக் கூரை நமக்கு இருக்கிறபடியால்தான் நம் விறகு காய்ந்திருக்கிறது. முழுவதும் நம் சாமர்த்தியம் என்று பெருமைப்பட அதில் அதிகம் இல்லை.

இரண்டாவது ஆட்சேபம்: "எனக்கே இருப்பது குறைவு. கொடுத்துவிட்டு என் குழந்தை குளிரில் கிடக்கவேண்டுமா?" வேண்டாம். பிறர்சிநேகத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. தன் வீட்டாரின் அவசியம் முன்னே. பிறனுடைய அவசியம் பின்னே. ஆனால் பிறனுடைய அவசியம் நம் சௌகரியத்துக்குப் பின்னே அல்ல! இந்த வரிசையை மாற்றும்போதுதான் பாவம் நுழைகிறது. என் பிள்ளையின் பாலைக் காய்ச்ச வைத்திருக்கும் விறகை நான் கொடுக்கக் கடமைப்பட்டவன் அல்ல. நான் தினமும் இரண்டு வேளை வெந்நீரில் குளிப்பதற்கென்று அடுக்கியிருக்கும்போது, அடுத்த குடிசையில் பிறந்து பத்து நாளான குழந்தைக்கு வெந்நீர் இல்லையென்றால், என் இரண்டாம் குளியல் விறகு அந்தக் குழந்தையுடையது. அதைக் கொடுப்பது தருமமல்ல. அவர்களுக்கு உரியதை அவர்களிடம் சேர்ப்பிப்பது.

எலியாஸ் தீர்க்கதரிசி சரேப்தா ஊர்வாசலில் சந்தித்த விதவையை நினைவுகூருங்கள். அவள் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அது வறட்சிக் காலம். சுள்ளி அகப்பட்டது; மாவுதான் தீரும் நிலையில் இருந்தது. நம் ஊர் விதவைக்கு நிலைமை தலைகீழ். நியாயவிலைக் கடை அரிசி பானையில் இருக்கிறது. அதை வேகவைக்கக் காய்ந்த சுள்ளி இல்லை. பசி இரண்டு இடத்திலும் ஒன்றே.

ஆகவே நான் சொல்ல வருவது யாதெனில், மார்கழியில் கேட்கப்படும் விறகுக்கு வைகாசியிலேயே மறுமொழி சொல்லவேண்டும். மழை கொட்டும்போது நாம் கொடுக்கும் பத்துக் கட்டை நல்லதுதான்; ஆனால் அது இரண்டு நாளில் சாம்பலாகும். கோடையிலேயே அயலானைக் கூப்பிட்டு, "உன் விறகையும் என் தாழ்வாரத்தில் அடுக்கு, கார்த்திகையில் வந்து எடுத்துக்கொள்" என்று சொல்வதற்கு நமக்கு ஒரு காசும் செலவில்லை. மாட்டுக் கொட்டகையின் ஒரு மூலை, மாடிப்படியின் அடி, பின்கட்டுத் திண்ணை, எங்கேயாவது நான்கு முழ இடம் போதும். அப்படிச் செய்தால் அவன் நம்மிடம் கையேந்தவேண்டியதில்லை. தன் விறகைத் தானே எடுத்துப் போவான். கொடுக்கிறவனுக்கு அகங்காரமும், வாங்குகிறவனுக்கு வெட்கமும் இல்லாத உதவி இதுவே.

தேவை வந்தபின் அவசரமாய்த் தேடும் பரிகாரம் எப்படியாகும் என்பதற்கு நம் உதகமண்டலமே சாட்சி. 1820-களில் அங்கே குடியேறத் தொடங்கிய வெள்ளைக்காரர்கள் குளிர்காயச் சோலைமரங்களை வெட்டிக்கொண்டே போனார்கள். சோலைமரம் மெதுவாய் வளர்வது. விறகுக்குத் தட்டுப்பாடு வரவே, விரைவில் வளரும் சீகை மரத்தையும், அங்குள்ளோர் கற்பூர மரமென்று சொல்லும் தைலமரத்தையும் ஆஸ்திரேலியாவிலிருந்து தருவித்து நட்டார்கள். அடுப்பு எரிந்தது. ஆனால் சீகை மரம் மலைப் புல்வெளிகளை மூடிவிட்டது. அந்நிய மரங்களை அகற்றும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிடவேண்டிய நிலை நம் காலத்தில் வந்தது. ஒரு தலைமுறையின் முன்யோசனையின்மைக்கு மூன்றாம் நான்காம் தலைமுறை விலை கொடுக்கிறது.

முடிக்குமுன் உயிர் சம்பந்தமான ஓர் எச்சரிக்கை. விறகு தீர்ந்ததென்று கரியடுப்பைப் படுக்கையறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தாதீர்கள். கரி நெருப்பிலிருந்து வரும் நச்சுவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தூங்குகிறவர்களை எழுப்பாமலே கொன்றுவிடும். இதை உங்கள் அயலாருக்கும், பாஷை தெரியாமல் நம்மிடையே தங்கியிருக்கும் வெளியூர்த் தொழிலாளிகளுக்கும் சைகையாலாவது தெரியப்படுத்துங்கள்.

இவ்வாரம் ஒவ்வொரு குடும்பமும் ஒன்று செய்யட்டும். உங்கள் விறகு அடுக்கைப் போய்ப் பாருங்கள். தை முடியுமட்டும் உங்களுக்கு எவ்வளவு தேவையென்று நேர்மையாய்க் கணக்கிடுங்கள். மிஞ்சுவது எவ்வளவோ, அதற்கு உடையவர் யாரென்று உங்கள் தெருவிலே தேடிப் பாருங்கள். மழை நனைத்த கூரைக்கு மேலே புகை எழும்பாத வீடு எதுவோ, அங்கே முதலில் போங்கள். கோடை வரும்போது, அதே வீட்டாருக்கு உங்கள் தாழ்வாரத்தில் நான்கு முழ இடம் ஒதுக்கி வையுங்கள்.