மூன்றாம் நாள்

விடுமுறை என்றால் பாட்டி வீடு. அதைவிட்டால் நேர்ச்சைக் கடன் தீர்க்க வேளாங்கண்ணி. என் தலைமுறையினரின் பிள்ளைப் பருவத்தில் பயணம் என்பது பெரும்பாலும் இவ்வளவுதான். இன்று நடுத்தரக் குடும்பங்களும் ஆண்டுக்கொரு முறை வெளியூர் சென்று தங்கி வருகின்றன. அதைக் குறை கூறுவோர் உண்டு. நான் அக்கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன். ஓய்வு மனிதனுக்குரிய உரிமை. பெற்றோரும் பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச நாலு நாள் வாய்க்குமானால், அதற்குச் செலவிடும் பணம் வீண் அன்று.

அப்படித்தான் நாங்களும் அந்தமான் செல்லத் திட்டமிட்டோம். அரையாண்டு விடுமுறை, கிறிஸ்து பிறப்பு விழாத் திருப்பலி முடிந்த மறுநாள் காலை சென்னையில் விமானம் ஏறினால் இரண்டே கால் மணி நேரத்திற்குள் போர்ட் பிளேர். (2024 முதல் அந்நகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம். அங்குள்ளவர்கள் நாவில் பழைய பெயர்தான் இன்னும் வருகிறதாம்.) தேதியைக் கேட்டவுடன் என் தாயார் தலையை ஆட்டிவிட்டார்கள். "இருபத்தாறாம் தேதி நான் கடல் பக்கம் வரமாட்டேன்" என்றார்கள். அவர்கள் நாகப்பட்டினக் கடற்கரையூரில் வாழ்ந்தவர்கள். 2004ஆம் ஆண்டு அந்நாளில் அங்கு நடந்ததை இதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பயணத்தை 27ஆம் தேதிக்கு மாற்றினோம்.

சிக்கல் எழுந்தது வேறோர் இடத்தில். பயண ஏற்பாட்டாளர் அனுப்பிய தாளில் முதல் நாள் செல்லுலார் சிறை. இரண்டாம் நாள், 2018இல் ஸ்வராஜ் தீவு எனப் பெயர் மாறிய ஹேவ்லாக்கின் ராதா நகர் கடற்கரை. மூன்றாம் நாள் பாராட்டாங். அங்கே அலையாத்திக் காட்டின் நடுவே படகில் சென்று காணத்தக்க சுண்ணாம்புக் குகைகளும், சேறு குமிழியிடும் மேடு ஒன்றும் உண்டு. அதற்குச் 'சேற்று எரிமலை' என்று பெரிய பெயர். பார்த்து வந்த நண்பர் ஒருவர் நம்மூர்க் குளத்துச் சேறே மேல் என்றார். அது கிடக்கட்டும். ஏற்பாட்டாளர் தொலைபேசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சார், போகிற வழியில் காட்டு மக்களையும் பார்க்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால்."

அவர் குறிப்பிட்ட வழி, ஜாரவா பழங்குடியினரின் காப்பகக் காட்டை ஊடறுத்துச் செல்லும் அந்தமான் நெடுஞ்சாலை. 1970களில் அதனை அமைக்கத் தொடங்கியபோது அம்மக்கள் அம்பெய்து எதிர்த்தார்கள். 1990களின் இறுதியில்தான் பகை மறந்து காட்டைவிட்டு வெளியே வரத் தொடங்கினார்கள். அடுத்து வந்தது 1999இல் தட்டம்மை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவர்கள் தொகை 380. பக்கத்திலே வாழ்ந்த பெரிய அந்தமானியர், 1858இல் ஆங்கிலேயர் தண்டனைக் குடியேற்றம் அமைத்தபோது சில ஆயிரம் பேர் இருந்தனர். நோயாலும் பிறவற்றாலும் தேய்ந்து இன்று சில பத்துப் பேராகிவிட்டனர். காப்பகத்தின் ஊடாகச் செல்லும் பகுதியை மூடுமாறு 2002இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆயினும் வாகனப் போக்குவரத்து நின்றபாடில்லை. உணவுக்காக ஜாரவாப் பெண்களை ஆடச் செய்த காட்சி 2012இல் வெளியாகி உலகமே முகஞ்சுளித்தது. மறு ஆண்டு சில வாரங்கள் பயணிகளுக்குத் தடை. பிறகு மீண்டும் திறப்பு. இப்பொழுது ஜிர்க்காட்டாங் சோதனைச் சாவடியிலிருந்து காவலர் துணையோடு வண்டிகள் அணிவகுத்துச் செல்கின்றன. வழியில் நிறுத்தக்கூடாது; படம் எடுத்தல் குற்றம்.

ஆக, சட்டம் போகவிடுகிறது. மனச்சான்று என்ன சொல்கிறது?

எளிய விடைகள் பல என் கைவசம் இருந்தன. நம் ஒரு வண்டி நின்றுவிட்டால் அணிவகுப்பு நிற்கப் போவதில்லை. நாம் எவருக்கும் தின்பண்டம் வீசப் போவதில்லை. நாம் செல்வது குகையைக் காணத்தானே அன்றி மனிதரைக் காண அன்று. வழியில் அவர்கள் கண்ணில் பட்டால் அது நாம் நாடாத விளைவு. கடைசிச் சொன்ன இந்த வாதத்துக்கு மரியாதைக்குரிய முன்னோர் உண்டு. தற்காப்புக்காகத் தாக்குபவனைப் பற்றி ஆராயும்போது புனித தாமஸ் அக்குவினாஸ், ஒரே செயலுக்கு இருவேறு விளைவுகள் இருக்கலாம், அவற்றுள் ஒன்று மட்டுமே நாடப்பட்டதாகவும் மற்றது நாட்டத்திற்கு வெளியே நிற்பதாகவும் இருக்கலாம் என்று காட்டினார். பின்வந்த அறநெறியாளர்கள் அதனை ஒரு நெறியாகவே வளர்த்தனர். அதன் நிழலில் நான் வசதியாக அமர்ந்துகொண்டேன்.

என்னை எழுப்பியவள் என் மனைவி. "அந்த நாற்பது ஐம்பது கிலோமீட்டரிலும் ஒருவர்கூடக் கண்ணில் படவில்லை என்றால் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்குமா, இருக்காதா?" என்றாள்.

இருக்கும். நான் பொய் சொல்ல விரும்பவில்லை. நாடாத விளைவு நிகழாமற் போனால் ஒருவனுக்கு ஏன் ஏமாற்றம் உண்டாக வேண்டும்? குகை எனக்குச் சாக்காக இருந்தது. அக்குவினாஸை நான் தவறான வழக்குக்கு வழக்கறிஞராக அமர்த்தியிருந்தேன்.

அப்போதும் ஒரு கேள்வி எஞ்சியது. பார்ப்பதில் என்ன தீங்கு? சாலையில் எத்தனையோ பேரைப் பார்க்கிறோமே. இதற்கு விடை என் தாயாரிடமிருந்து, நான் கேளாமலே வந்தது. சுனாமிக்குப் பின் அவர்கள் ஒரு திருமண மண்டபத்தில் மற்றவரோடு தங்கியிருந்தார்கள். "வேன் வேனா வந்தாங்கப்பா. துணி கொண்டு வந்தவங்க உண்டு. சும்மா பார்க்க வந்தவங்களும் உண்டு. யாரும் கெட்டவங்க இல்லே. ஆனா பார்த்துட்டு அவங்க வேனுல ஏறிப் போயிடுவாங்க. நாங்க அங்கேயே இருப்போம். நான் முந்தானையால முகத்தை மூடிக்குவேன்."

சாலையில் எதிர்ப்படும் மனிதர் நம்மைத் திருப்பிப் பார்க்கலாம், பேசலாம், முகம் கோணலாம், விலகிப் போகலாம். கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் இருப்பவன் பார்க்கிறான். வெளியே நிற்பவர் பார்க்கப்படுகிறார். அங்கே சந்திப்பு இல்லை. அவர்களுடைய காட்டில், அவர்களை வினவாமல் நாம் போட்ட சாலையில், அவர்கள் வருகையை நம் 'அதிர்ஷ்டம்' என்று பெயரிடுகிறோம். யானைக்கும் மயிலுக்கும் அச்சொல் பொருந்தும்.

பாராட்டாங்கை நீக்கிவிடும்படி ஏற்பாட்டாளரிடம் சொன்னேன். பணம் குறையாது என்றார். குறைய வேண்டாம் என்றேன். என் மகன் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. எரிமலையைக் காட்டுவதாக வாக்களித்தவன் நான்தானே. அவனுக்குக் காரணத்தைச் சொன்னபோது, "அப்படியென்றால் குகைக்குப் படகு ஓட்டுகிறவருக்கு நாம் தரவேண்டிய காசு?" என்றான். என்னிடம் விடை இல்லை. அப்படகோட்டி எத்தவறும் செய்யாதவர். பயணிகள் எல்லோரும் எங்களைப் போல முடிவெடுத்தால் அவர் அடுப்பு எரியாது. கடல்வழியாகப் பாராட்டாங் செல்ல 2017இல் படகு விட்டார்கள். எல்லோரும் அவ்வழியே சென்றால் இருவர் வழக்கும் தீரும். எங்கள் ஏற்பாட்டாளரோ அப்படிப்பட்ட பயணத்தைத் தாம் நடத்துவதில்லை என்று கூறிவிட்டார். மகனுடைய கேள்வி அப்படியே நிற்கிறது.

திருத்திய தாள் நேற்று வந்தது. மூன்றாம் நாளுக்கு எதிரே 'ஓய்வு' என்று மட்டும் அச்சிட்டிருக்கிறார்கள். அதை என் தாயார் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, அன்றைக்கு வேண்டுமானால் தண்ணீரில் கால் நனைக்கிறேன் என்றார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் கடலில் கால் வைக்கவில்லை.