ஓல்னி ஆலயமும் காலம் கடந்த சாட்சியும்

இங்கிலாந்தின் பக்கிங்காம்ஷயரில், கிரேட் ஊஸ் ஆற்றங்கரையில் அமைந்த சிற்றூர் ஓல்னி. லேஸ் பின்னிப் பிழைத்த ஏழைகள் நிறைந்த அவ்வூரின் தூய பேதுரு பவுல் ஆலயத்தில் 1764 முதல் 1780 வரை ஜான் நியூட்டன் உதவிக் குருவாக இருந்தார். அவருடைய பிரசங்கத்தைக் கேட்கத் திரண்ட கூட்டத்துக்கு இடம் போதாமல் ஆலயத்துக்குள் மேல்மாடம் கட்டப்பட்டது. உலகெங்கும் பாடப்படும் ‘அமேசிங் கிரேஸ்’ 1773ஆம் ஆண்டின் புத்தாண்டு ஆராதனையையொட்டி இங்கே பிறந்தது. அவரும் கவிஞர் வில்லியம் கூப்பரும் எழுதிய 348 பாடல்கள் 1779இல் ‘ஓல்னி ஹிம்ஸ்’ என்ற நூலாக வெளிவந்தன.

அந்தக் குருவானவர் 1750 முதல் 1754 வரை அடிமைக் கப்பல்களின் தலைவராக மூன்று முறை கடல் கடந்தவர். 1748இல் புயலில் சிக்கிக் கடவுள் பக்கம் திரும்பிய பிறகே அவர் இந்தப் பொறுப்பை ஏற்றார். ஞாயிறுதோறும் மேல்தளத்தில் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். கீழ்த்தளத்திலோ ஏறத்தாழ ஐந்தடி உயரமே இருந்த இடத்தை நடுவில் பலகையடித்து இரண்டாக்கி, விலங்கிட்ட ஆப்பிரிக்கர்களை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். கிளர்ச்சிக்குத் திட்டமிட்டதாக ஐயம் எழுந்தபோது சிறுவர்களின் கட்டைவிரல்களைத் திருகாணிக் கருவியில் வைத்து நெரித்ததை அவரே நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார்.

1754இல் உடல்நலக் குறைவால் கடலை விட்ட நியூட்டன், அடிமை வணிகத்துக்கு எதிராக நூல் எழுதியது 1788இல்தான். இடையில் 34 ஆண்டுகள் கழிந்தன. இவ்வளவு காலம் கழித்து வந்த மனந்திரும்புதலுக்கு அறத்தின் தராசில் என்ன எடை உண்டு?

அந்தக் காலத்தில் அடிமை வணிகம் சட்டப்படி நடந்த, மதிப்புள்ள தொழில். காலத்தின் பார்வையை மீறிக் காண்பது எளிதன்று என்பது அவர் சார்பாகச் சொல்லப்படும் வாதம். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அதே காலத்தில் வேறு சிலர் கண்டார்கள். இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட அடிமையை வலுக்கட்டாயமாக வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது என்று சாமர்செட் வழக்கில் 1772இல் தீர்ப்பு வந்தது. 1774இல் ஜான் வெஸ்லி அடிமைமுறையைக் கண்டித்து நூல் வெளியிட்டார். ஓல்னியிலேயே வாழ்ந்த கூப்பர் 1782இல் வெளியான கவிதையில் அந்த வணிகத்தைச் சாடினார். கப்பலின் அடித்தளத்தைப் பார்த்திராத நண்பர் பேசியபோது, அதைக் கண்ணால் கண்டவர் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்குக் காலத்தை மட்டும் காரணமாகச் சொல்லித் தப்ப முடியாது.

அதற்காக அவருடைய சாட்சியை வெறும் சடங்கென்று ஒதுக்குவதும் நியாயமாகாது. 1785இல் தம்மைத் தேடி லண்டனுக்கு வந்த, பின்னாளில் அடிமை வணிக ஒழிப்புக்காகப் போராடிய இளம் நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்போர்ஸை அரசியலிலேயே நிலைத்திருக்கும்படி தூண்டியவர் நியூட்டன். 1788 நூலில் தம் குற்றத்தை மறைக்காமல் எழுதினார். அதன் படிகள் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்பப்பட்டன. விசாரணைக் குழுக்களின் முன்னும் சாட்சி சொன்னார். அடிமைகள் நலமாகவே நடத்தப்படுகிறார்கள் என்று வணிகர்கள் சாதித்தபோது, கப்பலை நடத்தியவரின் வாக்குமூலத்தை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. அடிமை வணிகத்தைத் தடைசெய்யும் சட்டம் 1807 மார்ச்சில் நிறைவேறியது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார்.

மனந்திரும்புதலில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, கடவுள் முன் தன் பாவத்தை உணர்வது. மற்றொன்று, தீங்கிழைக்கப்பட்டவர்களுக்காக உண்மையைப் பேசுவது. ஓல்னியின் பாடல்களில் முதல் பகுதி நிறைவாக இருந்தது. இரண்டாவது வரப் பல ஆண்டுகளாயின. அந்த ஆண்டுகளில் கப்பலேற்றப்பட்டவர்களுக்கு அவருடைய பாடல் எந்த உதவியும் செய்யவில்லை. பின்னால் வந்த சாட்சியாலும் அவர்களை மீட்க முடியவில்லை. ஆயினும் அதன் பிறகு அந்தக் கப்பல்களில் ஏற்றப்பட இருந்தவர்களுக்கு அது பயன்பட்டது. ஆகவே சாட்சியின் பெருமையால் மௌனத்தின் குற்றம் கழிந்துவிடாது. மௌனத்தின் குற்றத்தால் சாட்சியின் மதிப்பும் குன்றிவிடாது. மன்னிப்பைப் பெற்றதாக நம்புகிறவர், தம்மால் துன்புற்றவர்களுக்கு உண்மையைக் கடன்பட்டிருக்கிறார். அதைத் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டுக்கும் விலை கொடுப்பவர்கள் அவர்களே.