ஏற்றுக்கொள்ளும் தர்மம்

அந்நிய தேசத்துக் கிராமமொன்றில் தொண்டு செய்யும் சங்கற்பத்தோடு குடியேறுகிறவன், எந்த நாளில் அந்த ஊரின் மனிதனாகிறான்? கொடுக்கக் கொடுக்க உறவு நெருங்கும் என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள். சஹாராவின் நடுவே வாழ்ந்து மறைந்த சார்ல்ஸ் த ஃபூக்கோ என்ற பிரெஞ்சுத் துறவியின் சரித்திரமோ, அந்தக் கருத்தைச் சந்தேகிக்கும்படி என்னைத் தூண்டுகிறது.

ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் 1858ஆம் ஆண்டு பிறந்து, ராணுவ அதிகாரியாக விளங்கி, தெய்வ நம்பிக்கையை இழந்து, மீண்டும் அதை அடைந்து, 1901இல் குருப்பட்டம் பெற்ற அவர், 1905இல் அல்ஜீரியாவின் தெற்கே ஹொக்கார் மலைப்பிரதேசத்திலுள்ள தமன்ராசெத் என்னும் சிற்றூரில், துவாரெக் மக்களின் தலைவரான மூசா அக் அமஸ்தானின் சம்மதத்தோடு ஒரு சிறு குடிலை அமைத்துக்கொண்டார். முஸ்லிம்களான அம்மக்களுக்கு மருந்தும் தையலூசியும் தானியமும் வழங்கினார். உடன் கிறிஸ்தவர் எவருமின்றித் தனித்திருக்கும் குருவானவர் பூசை நிறைவேற்றலாகாது என்ற அக்காலத் திருச்சபை விதியால், 1907ஆம் ஆண்டின் கிறிஸ்து ஜயந்தி அவருக்குப் பூசையின்றியே கழிந்தது.

அடுத்த ஜனவரியில், நெடுநாள் வறட்சியால் ஆடுகளின் மடிகூட வற்றியிருந்த சமயத்தில், அவர் அசையவும் சக்தியற்றுப் படுத்துவிட்டார். மருந்து கொடுத்தவருக்கு மருந்து கொடுப்பார் அங்கில்லை. தங்கள் குழந்தைகளுக்கே பாலில்லாத அந்த ஏழை மக்கள்தாம், சுற்றுவட்டாரமெல்லாம் தேடியலைந்து, எந்த ஆட்டில் சிறிது சுரக்கிறதோ அதைக் கறந்து கொண்டுவந்து புகட்டி அவர் பிராணனைக் காத்தார்கள்.

இந்தச் சம்பவத்தை நன்றியின் கதையாக மட்டும் வாசிப்பது போதாதென்று நினைக்கிறேன். அவர் அம்மக்களை ஆளவந்த தேசத்தைச் சேர்ந்தவர். அந்தத் தேசத்துப் படையின் தலைவர்களோடு நட்பும் தொடர்பும் உடையவர். அக்களங்கத்தை மறைப்பது சத்தியமாகாது. ஆயினும் பால் வந்தது. தேவர்க்கும் ரிஷிகளுக்கும் பித்ருக்களுக்கும் போலவே சக மனிதருக்கும் நாம் பிறவியிலேயே கடன்பட்டிருக்கிறோம் என்றும், அந்த மனுஷ்ய ருணம் விருந்தோம்பலால் தீர்கிறதென்றும் நம் முன்னோர் வகுத்தார்கள். அப்படியானால், எந்நேரமும் தானே கொடுப்பவனாக இருக்க விரும்புகிறவன், அயலான் தன் கடனைத் தீர்க்கும் வழியையல்லவா அடைத்துவிடுகிறான்? கொடுப்பவனின் பீடம் எத்தனை தாழ்வாக இருந்தாலும் பீடமே; அதில் அமர்ந்திருக்கும்வரை அவன் ஊருக்கு உபகாரியாகலாம், ஊராரில் ஒருவனாக முடியாது. ஏற்பதை இழிவென்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த நமக்கு இது எளிதில் ஜீரணமாகாது. எனினும், சோம்பலால் கையேந்துவதும், பலவீனத்தில் பிறர் கருணைக்குத் தன்னை ஒப்புக்கொடுப்பதும் ஒன்றல்ல. பின்னதில் அகங்காரம் கரைகிறது.

உடல் தேறிய பிறகும் அவர் மருந்து கொடுப்பதை விட்டுவிடவில்லை. ஆனால் 1916 டிசம்பர் 1ஆம் நாள் கொள்ளைக் கூட்டத்தாரால் கொல்லப்படும்வரை, அவர் பொழுதில் பெரும்பகுதி அம்மக்களிடம் மொழி கற்பதிலும், அவர்கள் சொல்லச் சொல்லக் கவிதைகளை எழுதிக்கொள்வதிலுமே சென்றது. துவாரெக் மக்களிடையே மதமாற்றம் என்று சொல்லத்தக்கது எதுவும் நிகழவில்லை. அவர் தொகுத்த துவாரெக்–பிரெஞ்சு அகராதி 1951, 52ஆம் ஆண்டுகளில் நான்கு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. அதை ஓர் ஐரோப்பியர் அவர்களுக்கு அளித்த கொடையென்று சிலர் போற்றக்கூடும், எனக்கோ அது அவர்களிடம் அவர் பெற்றுக்கொண்டவற்றின் விவரமாகவே தோன்றுகிறது.