கிடந்த இடத்தில் கிடக்கும் கல்

வங்கதேசம் வண்டல் மண்ணின் நாடு. ஜல்லி வேண்டுமென்றால் அங்கே செங்கல்லைச் சுட்டு, அதையே உடைத்துக் கான்கிரீட்டில் கலப்பது நெடுநாள் வழக்கம். கல் அவ்வளவு அருமை. வடகிழக்கே சில்ஹெட் எல்லையோரம் இதற்கு விலக்கு. மேகாலய மலைகளிலிருந்து இறங்கும் ஆறுகள் மழைக்காலத்தில் கற்களை உருட்டி வந்து அடிவாரத்தில் போட்டுவிட்டுப் போகின்றன. அவற்றை அள்ளி விற்றுப் பிழைப்பதா, அள்ளாமல் விட்டுப் பிழைப்பதா என்பதே ஜாஃப்லாங்கிலும் போலாகஞ்சிலும் தீராத வழக்கு.

போலாகஞ்சில் தலாய் ஆற்றங்கரையிலுள்ள இடத்துக்குச் சாதா பாதர் என்று பெயர். வங்காளத்தில் ‘சாதா’ என்றால் வெள்ளை. நாம் சொல்லும் சாதா அல்ல. பத்தாம் நம்பர் படித்துறையில் இயந்திரப் படகு பிடித்து வருகிறவர்கள் குளிர்ந்த ஓடைநீரில் காலை விட்டுக்கொண்டு வெள்ளைக் கற்களின் மேல் உட்கார்ந்திருப்பார்கள். பார்க்க வேறு கோயிலோ கோட்டையோ அங்கே இல்லை. படகோட்டிக்கும் டீக்கடைக்காரருக்கும் கிடைக்கும் காசு, கல் கிடந்த இடத்தில் கிடப்பதற்கான கூலி.

கையால் பொறுக்கிய காலத்தில் ஆறு தாக்குப்பிடித்தது. ‘போமா மெஷின்’ என்று அங்கே சொல்லப்படும் இயந்திரம் வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. மோட்டாரோடு இணைத்த குழாய் படுகையின் அடிமணலை உறிஞ்சிக் கற்களைப் பெயர்க்கிறது. ஆற்றில் பெருங்குழிகள் விழுகின்றன, கரை சரிகிறது. கலங்கிய நீரின் சேறு, மீன் முட்டையிடும் சரளைப் பரப்பின் மேல் படிகிறது. குழி இடிந்து தொழிலாளர் மாண்டதும் பல முறை.

1995ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2015இல் ஜாஃப்லாங் நெருக்கடிக்குள்ளான சூழல் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 2020இல் கல் குவாரிக் குத்தகைகள் நிறுத்தப்பட்டன. 2024 ஆகஸ்டில் ஆட்சி கவிழ்ந்ததும் காவல் தளர்ந்தது. ஓராண்டுக்குள் சாதா பாதர் மொட்டையானது. நீதிமன்றம் தலையிட, லாரிகளிலும் கிரஷர் முற்றங்களிலும் பிடிபட்ட கற்களைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய் ஆற்றில் திரும்பக் கொட்டினார்கள். மண்ணைப் போட்டு மூடி ஒளித்துவைத்த கற்களும் அகப்பட்டன. ஜல்லியாகிவிட்டவை போனவைதான்.

அள்ளுவோர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு: ஆறு கொண்டுவந்து போட்டதை எடுக்கிறோம், அடுத்த மழைக்கு அது மறுபடி கொண்டுவரும். ஆறு கொண்டுவரும் அளவுக்குள் எடுக்கும்வரை இது செல்லும். போமா மெஷின் அந்தக் கணக்குக்குள் அடங்காது. கூடையில் கல் சுமப்பவருக்கு அன்றாடம் உலை வைக்க வேறு வழியில்லை என்பதும் பொய்யல்ல. ஆனால் அவர் பசியைக் காட்டிக் குவாரி கேட்பவர்கள் பெரும்பாலும் கூடை சுமப்பவர்கள் அல்லர். இயந்திரமும் படகும் கிரஷரும் வைத்திருப்பவருக்கு லாபம் சேர, குழியில் புதையும் ஆபத்து கூலியாளுக்கு வந்து சேர்கிறது. தடை சரியே, மாற்று வேலை தராத தடையோ ஆற்றைக் காக்கும் செலவை ஊரிலேயே மிக ஏழ்மையானவர் தலையில் கட்டுகிறது. கூடைக்காரரைப் பிடித்து முதலாளியை விட்டுவிட்டால் அதைச் சட்டம் எனலாம், நீதி எனச் சொல்ல வாய் வராது.

சுற்றுலாவுக்கும் குற்றமற்ற சான்றிதழ் கொடுத்துவிட முடியாது. பிளாஸ்டிக் குப்பையும் படகு டீசலும் அதே நீரில்தான் கலக்கின்றன. ஆயினும் இரண்டும் ஒரே எடையல்ல: குப்பையை அள்ளிவிடலாம், சரிந்த கரையை அப்படி நிமிர்த்த முடியாது.

இன்னொரு கேள்வியை ஊர்க்காரர் அதிகம் எழுப்புவதில்லை. உள்ளூர்க் குவாரியை மூடினாலும் நாட்டுக்குக் கல் வேண்டியிருக்கிறது. மேகாலயக் கல் லாரி லாரியாகத் தமாபில் எல்லைச் சாவடி வழியே வருகிறது. அந்தக் கல்லும் ஏதோ ஒரு மலையைக் குடைந்தே எடுத்தது. அங்கேயும் கீழே ஓடைகள் உண்டு, அவற்றின் நீர் ஓடிவருவது சில்ஹெட்டை நோக்கித்தான்.