அறியுமுன் செயல்படலாமா?



பிறந்து இரண்டு நாளேயான சிசு பால் குடிக்க மறுக்கிறது, துவண்டு கிடக்கிறது, உடல் சில்லிட்டிருக்கிறது. இரத்தத்தில் நோய்க்கிருமி கலந்திருக்குமோ என்று ஐயுற்ற வைத்தியர், சிறிது இரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறார். முடிவு வருமுன்னரே மருந்தும் ஏற்றத் தொடங்குகிறார். "நோய் உண்டா இல்லையா என்றே தெரியாமல் பச்சைக் குழந்தைக்கு ஊசி போடலாமா?" என்று வீட்டார் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. நிச்சயமில்லாதபோது செயல்படுவது தகுமா என்பது அறநூலோர் நெடுங்காலமாய் ஆராய்ந்து வந்த கேள்வியுமாகும்.

முதலில் அச்சோதனையை அறிந்துகொள்வோம். அதற்குப் பிளட் கல்ச்சர் என்று பெயர். சுமார் 1 மில்லி லிட்டர் இரத்தத்தை, கிருமிக்கு உணவாகும் திரவமுள்ள புட்டியில் இட்டு, உடற்சூட்டிலேயே ஒரு கருவியினுள் வைக்கின்றனர். கிருமி இருந்தால் அது உண்டு பெருகும். கரியமில வாயு வெளிப்படும். கருவி அதைச் சில நிமிஷங்களுக்கொருமுறை கவனித்து, கண்டவுடன் அறிவிக்கும். மெய்யான நோய்க்கிருமிகளுள் பெரும்பாலானவை 24 மணி நேரத்திற்குள்ளும், மிகச் சிலவே எஞ்சும்படி மற்றவை 36 மணி நேரத்திற்குள்ளும் வெளிப்பட்டுவிடும். முளைக்கும் விதையை அதட்டி முளைக்க வைக்க முடியுமா? அதுபோலவே, பணமோ சிபாரிசோ கிருமி பெருகும் காலத்தைக் குறைத்துவிட முடியாது.

ஆனால் நோய் காத்திராது. சில மணி நேரத்திலேயே அது சிசுவின் உயிரைக் குடிக்கவும் கூடும். அப்படியானால், நிச்சயம் வரட்டும் என்று கைகட்டி நிற்பது அறமாகுமா? எந்தப் பொருளில் எவ்வளவு நிச்சயம் கிட்டுமோ அவ்வளவே தேட வேண்டும் என்று அரிஸ்டாட்டில் போதித்தார். கிடைத்த அறிகுறிகளை எடைபோட்டு, தாமதத்தால் வரும் தீங்கையும் மருந்தால் வரும் தீங்கையும் சீர்தூக்கி, உரிய நேரத்தில் செயல்படுவதே விவேகம். கண்ணை மூடிக்கொண்டு துணிவது வேறு, இது வேறு.

விவேகத்திற்கு மற்றொரு பாதியும் உண்டு, அதுவே கடினமானது. 36 மணி நேரம் கழிந்தும் கிருமி காணப்படவில்லை, குழந்தையும் தேறியிருக்கிறது. வைத்தியர் மருந்தை நிறுத்துகிறார். இப்போது வீட்டார், "தொடங்கியதைப் பாதியில் விடலாமா? ஏழு நாளாவது போடுங்கள்" என்கின்றனர். பயத்தால் கேட்கின்றனர்; குறை சொல்வதற்கில்லை. ஆயினும் வேண்டாத மருந்து வெறும் தண்ணீரன்று. கிருமி காணப்படாதிருந்தும் ஐந்து நாளும் அதற்கு மேலும் மருந்து பெற்ற, மிகக் குறைந்த எடையுள்ள குறைமாதக் குழந்தைகளிடம் குடல் அழுகலும் மரணமும் அதிகமாய்க் காணப்பட்டன என்று 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கூறிற்று. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுவதும் இத்தகைய மிகுதியாலேயே. அதன் துன்பம் அடுத்த தொட்டிலில் கிடக்கும் பிறர் பிள்ளைக்கும் வந்து சேரும். இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி 2012-இலேயே, 36 மணி நேரத்தில் மருந்தை நிறுத்தலாமா என ஆராயச் சொல்லிற்று. அதற்காகப் புட்டியின் சொல்லே முடிவான தீர்ப்பு என்பதுமில்லை. குழந்தை இன்னும் சோர்ந்திருந்தால், கிருமி காணாதபோதும் வைத்தியர் மருந்தைத் தொடரக் கூடும்.

ஆகவே, அறியாமை செயலின்மைக்குச் சாக்கன்று. செய்யத் தொடங்கிவிட்டோம் என்பதும் உண்மையை ஏற்க மறுப்பதற்குச் சாக்கன்று.

பெற்றோரே, பாட்டிமாரே! அந்த ஒன்றரை நாளில் உங்களுக்கும் கடமை உண்டு. தாய் எதைத் தின்றாள், யார் கண் பட்டது என்று குற்றவாளி தேடாதீர்கள். பிரசவித்த உடம்போடு அவள் சுமக்கும் கவலையே போதும். முடிவு வருமுன் பிள்ளையை வீட்டுக்குத் தூக்கிச் செல்ல அவசரப்படாதீர்கள். மருந்து ஏன் தொடங்கப்பட்டது, எப்போது மறுபடி ஆராயப்படும் என்று வைத்தியரிடம் பணிவாய், ஆனால் தயங்காமல் கேளுங்கள். அறியாத நேரத்தில் பொறுமையும், அறிந்தபின் கீழ்ப்படிதலும் உள்ள வீட்டில் குழந்தைக்கும் நலம், தாய்க்கும் ஆறுதல்.