‘தெரியல’ என்று எங்களிடமும் சொல்லலாம்

பிறந்த பிள்ளையின் உடம்பைப் பற்றி மருத்துவர்களுக்கே முடிவாகத் தெரியாத நாட்கள் உண்டு. அந்த நாட்களில் பெற்றவளிடம் என்ன பேசவேண்டும்? எல்லாம் தெரிந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொள்வதா, தெரியாததைத் தெரியாது என்றே சொல்வதா? மருத்துவத்தின் பிரச்சினை போலத் தோன்றும். எனக்கு இது மரியாதையின் பிரச்சினை.

என் மகள் 2024இல் பக்கத்து டவுன் ஆஸ்பத்திரி ஒன்றில் பிறந்தாள். மறுநாளே குதிகாலில் குத்தி, ஒரு தாளில் ரத்தத்தைச் சொட்டுச் சொட்டாக எடுத்துக்கொண்டு போனார்கள். நாலாம் நாள் ‘ரிசல்ட் சரியில்ல, திரும்ப எடுக்கணும்’ என்றார் நர்சம்மா. என்ன சரியில்லை என்று கேட்டேன். ‘சொன்னா மட்டும் ஒனக்குப் புரியுமா?’ கையில் இருந்த சீட்டில் எங்கள் தெரு ‘காலனி’ என்று எழுதியிருந்தது. (அந்தச் சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழ்நாடு அரசு 2025இல்தான் அறிவித்தது.) நான் பி.ஏ. படித்தவள் என்பது சீட்டில் இல்லை. படிக்காத எங்க ஆயா கேட்டிருந்தாலும் அந்தக் கேள்விக்குப் பதில் உண்டுதானே?

உண்மையில் விஷயம் ஆயாவுக்கும் புரியக்கூடியதுதான். கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பி சரியாகச் சுரக்காவிட்டால் பிள்ளையின் மூளை வளராது. அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்தச் சொட்டு ரத்தம். ஆனால் பிறந்த முதல் நாளில் டி.எஸ்.எச். அளவு எல்லாப் பிள்ளைக்கும் தானாகவே ஏறி இறங்கும். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன்னால் எடுத்தால் நல்ல பிள்ளைக்கும் கூடுதலாகக் காட்டலாம். அதனால்தான் மறுபடி எடுக்கிறார்கள். இதைச் சொல்ல ரெண்டு நிமிஷம் ஆகுமா?

சொல்லாதபோது என்ன நடக்கிறது என்றால், ஆளாளுக்குக் காரணம் சொல்கிறார்கள். தோஷம் என்றார் ஒருவர். சொந்தத்துல கட்டினியா, மாசமா இருக்கும்போது என்னா தின்ன என்று கேட்டார் இன்னொருவர். அறிவு வராத இடத்தில் பழி வந்து உட்கார்ந்துகொள்கிறது, அதுவும் பச்ச ஒடம்புக்காரி மேல். எங்க ஆயாவோ, ‘அழுவவே மாட்டேங்குது, எவ்வளோ சாதுவான புள்ள’ என்று கொஞ்சிக்கொண்டிருந்தது. பாலுக்குக்கூட அழாமல் தூங்கிக்கொண்டே இருப்பது இந்தக் குறைபாட்டின் அடையாளமாகவும் இருக்கலாம் என்று யாராவது அதனிடம் சொல்லியிருக்கவேண்டும்.

பயந்துடுவாங்க, அதனால் சொல்லவில்லை என்று ஒரு நியாயம் உண்டு. கூட்டம் அதிகம், ஆள் கம்மி என்று இன்னொன்று. இரண்டாவது மெய்தான், அந்த நர்சம்மாவை நாள் முழுக்கப் பார்த்தேன், உட்காரக்கூட இல்லை. முதலாவதை ஏற்கமாட்டேன். எதிர்க்கட்டில்காரரின் வீட்டாரை உட்காரவைத்து விளக்கினார்களே, அவர்கள் பயப்படமாட்டார்களா? எங்கள் பயத்தை எங்களுக்காக இன்னொருவர் தீர்மானிக்கிற இடத்தில்தான் சாதி இருக்கிறது.

அம்பேத்கர் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்னும் எழுத்தில் ஒரு கடிதத்தை எடுத்துத் தருகிறார். கத்தியவாரைச் சேர்ந்த தீண்டப்படாத ஆசிரியர் ஒருவர் எழுதி, 1929 டிசம்பரில் ‘யங் இந்தியா’வில் வந்தது. பிள்ளை பெற்ற ரெண்டாம் நாள் அவர் மனைவிக்கு உடம்பு முடியாமல் போகிறது. டாக்டர் சேரிக்குள் வரமறுக்கிறார். வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுக்க, அவர் கணவனிடம் கொடுக்க, கணவன் மனைவிக்கு வைத்து, வந்த வழியே அது திரும்பிப் போகிறது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்து நிமோனியா என்கிறார். அவள் செத்துப்போகிறாள். அதையும் இதையும் ஒரே தராசில் வைக்கமாட்டேன். என் பிள்ளையைத் தொட்டார்கள், கை கழுவிவிட்டு ஒழுங்காகத்தான் தொட்டார்கள். ஆனால் தொடாத அந்த டாக்டர் நோயின் பெயரையாவது சொன்னார்.

ரெண்டாம் ரத்தம் எடுத்த அன்று வேறொரு டாக்டர் வந்தார். சின்னப் பொண்ணு. ஸ்டூலை இழுத்துப் போட்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தது. ‘இப்ப எனக்கும் தெரியலம்மா. அளவு கொறஞ்சிட்டா விட்டுடலாம். கொறயலன்னா ரெண்டு வாரத்துக்குள்ள மாத்திர ஆரம்பிச்சிடணும். மூணு நாள் பொறுங்க’ என்றது. அந்த மூணு நாளும் பயம் குறையவில்லை. ஆனால் எதற்குப் பயப்படுகிறேன் என்று தெரிந்தது. மகளை மடியில் போட்டுக்கொண்டு, பால் குடிக்கிறாளா என்று எண்ணிக்கொண்டிருக்க முடிந்தது.

அளவு குறையவில்லை. ஸ்கேனில் சுரப்பி இருக்கவேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. அதனால் இது நிரந்தரமா தற்காலிகமா என்று இப்போது யாராலும் சொல்லமுடியாதாம். தினம் காலையில் மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கரைத்துக் கொடுத்தோம், இப்போது தண்ணீரில். மூணு வயசானதும், 2027இல், கொஞ்சநாள் நிறுத்திவிட்டு ரத்தம் பார்ப்பார்கள்.