வென்றவர் துக்கம்

விளையாட்டுக்காரனின் துக்கத்தை ஏற்றுக்கொள்ள நாம் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறோம்: அது வெற்றிக்கு முன்பே நடந்து முடிந்திருக்க வேண்டும். சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016இல் ரியோ பாராலிம்பிக்ஸில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கியபோது, சூரமங்கலம் ஜங்ஷனைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் பேசப்பட்டது அந்த உயரம் அல்ல. ஐந்து வயதில் பஸ் ஏறி நசுங்கிய கால், காய்கறி விற்ற தாய். பேசியவர்களில் நானும் ஒருவன். அந்தப் பேச்சில் பொய் இல்லை. ஆனால் ஒரு சௌகரியம் இருந்தது. பட்ட கஷ்டம் தங்கத்தில் கழிந்து, கணக்கு நேராகிவிட்டது.

நேராகாத கணக்குகள் உண்டு. 2008இல் பீஜிங்கில் இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்ற அபினவ் பிந்த்ரா, தம் வாழ்க்கையின் மிகப் பெரிய மன நெருக்கடி தோற்றபோது அல்ல, வென்றபோதே வந்தது என்று பின்னாளில் சொன்னார். 'இவருக்கு என்ன குறை?' என்றுதான் நமக்குக் கேட்கத் தோன்றும். கேள்வி வடிவில் இருந்தாலும் அது தீர்ப்பு.

அதே பீஜிங்கில் சானியா மிர்சா மணிக்கட்டு வலியால் ஒற்றையர் ஆட்டத்தைப் பாதியில் விட்டார். தொடர்ந்து மூன்று நான்கு மாதம் மனச்சோர்வில் இருந்ததாக, காரணமில்லாமல் அழுததாக, ஒரு மாதத்துக்குமேல் சாப்பிடக்கூட அறையை விட்டு வராததாக அவரே கூறியிருக்கிறார். மணிக்கட்டை நம்பினோம், அதில் கட்டு இருந்தது. 2009 முதல் 2016 வரை ஆறு கிராண்ட் ஸ்லாம் இரட்டையர் பட்டங்கள் வந்தன. உடனே அந்த அறையும் 'போராட்டம்' என்ற அத்தியாயமாயிற்று. பட்டங்கள் வராமலே போயிருந்தால் அந்த அறையைப் பற்றி யார் கேட்டிருப்பார்கள்?

இன்னும் சிக்கலானது நவோமி ஒசாகாவின் விஷயம். 2021 பிரெஞ்சு ஓபனில், மனநலத்தைக் காரணம் காட்டி, நிருபர்களைச் சந்திக்க மறுத்தார். 15,000 டாலர் அபராதம். தொடர்ந்தால் நீக்கவும் கூடும் என்று எச்சரிக்கை. விலகிக்கொண்டார். விலகும்போது, 2018இலிருந்து மனச்சோர்வு வந்து வந்து போகிறது என்றார். அவர் முதல் பெரிய பட்டம் வென்ற ஆண்டு அது. பேசாதிருக்கும் உரிமைக்கு விலையாக, பேசவே விரும்பாத ஒன்றைப் பேச வேண்டியதாயிற்று. பணம் வாங்குகிறார், ஒப்பந்தம் இருக்கிறது, பேசத்தானே வேண்டும் என்பவர்களுக்கு என் பதில் ஒன்றே: டிக்கெட் வாங்கியவன் வாங்கியது ஆட்டத்தை.

ஆனாலும் ஒசாகாவுக்கு மறுப்பதற்கென்று ஒரு சந்திப்பு இருந்தது. ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையை நம்பி இங்கே விடியற்காலையில் ஓடுகிற பையனிடம் யார் மைக்கை நீட்டுகிறார்கள்? ஒரு வாரம் அவன் வருவதில்லை. படுத்தே கிடக்கிறான், ஏனென்று அவனுக்கும் தெரியவில்லை. எட்டாம் நாள் மைதானத்துக்கு வருகிறான். ஏண்டா வரலை என்று கேட்கிறார் கோச்.

"காய்ச்சல் சார்" என்கிறான்.